சீஸுக்கு மெழுகு பூசுன கண்டக்டர்

மலை மேல ஒரு ஆசிரமம். அங்க ஞானம் தேடி வர்றவங்கள விட சீஸ் வாங்க வர்றவங்கதான் ஜாஸ்தி. மாடு இருக்கு, பால் இருக்கு, குளிர் ஓசியா கெடைக்குது. வேற என்ன வேணும்.

குரு பேரு தாரிணி. புதுசா வந்து சேந்த சீடர் வேதமுத்து, கீழ மினிபஸ்ல கண்டக்டரா இருந்தவரு. குருவுக்கு அவர விட பதினஞ்சு வயசு கம்மி. அவரு "அம்மா"ம்பாரு, அவங்க "அண்ணே"ம்பாங்க. ரெண்டு பேருக்கும் அதுல கூச்சம் இல்ல.

வேதமுத்து பொண்டாட்டி செத்து ஒரு மழைக்காலம் போயிருச்சு. சந்தைக்குப் போக அந்தம்மா ஏறுற ஸ்டாப்பு வந்தா, ஆளே இல்லன்னாலும் விசில் ஊதி பஸ்ஸ நிறுத்திருவாரு. டிரைவர் திட்டித் திட்டி ஓஞ்சு போனாரு. ஒரு நாள் வேதமுத்து விசில ஓனர் கையில குடுத்துட்டு மலை ஏறிட்டாரு.

"காவி எப்பம்மா குடுப்பீங்க?"

"எதுக்குண்ணே இவ்வளவு அவசரம்?"

"அதக் கட்டிக்கிட்டா எல்லாம் மறந்துரும்ல."

குரு பலகையில இருந்த புது சீஸக் காட்டுனாங்க. வட்ட வட்டமா, சின்னத் தலகாணி மாதிரி, வெள்ள வெளேர்னு இருந்துச்சு.

"தெனம் பெரட்டி வைங்க. தொட்டா கையில ஈரம் ஒட்டக் கூடாது. அப்புறம்தான் மேல மெழுகு பூசி மூடணும்."

வேதமுத்து பெரட்டுனாரு. குருவும் பக்கத்துல நின்னு பெரட்டுனாங்க. கண்டக்டர் வாய் சும்மா இருக்குமா.

"மெழுகுன்னா எங்க வீட்ல உசுரும்மா. ஜன்னல் இறுகிப் போனா மெழுகுவர்த்தி. பை ஜிப்பு ஓடலன்னா மெழுகுவர்த்தி. ஊசி நூலக் கூட அதுல ஒரு இழுப்பு இழுத்துட்டுதான் கோப்பா. நெல்லிக்கா ஜாம் போட்டா, பாட்டில் வாயில உருக்கி ஊத்தி மூடிருவா. கரண்ட் போனா மட்டும் கொளுத்த ஒண்ணு இருக்காது. இருட்டுல உக்காந்து ரெண்டு பேரும் சிரிப்போம்."

குரு சிரிச்சாங்க. வேதமுத்தும் சிரிச்சாரு. சிரிப்ப நிறுத்தத்தான் அவருக்குப் பயம். நிறுத்துனா பின்னாடியே வேற சத்தம் வந்துரும்.

மறுநாள் குரு சந்தைக்குப் போயிட்டாங்க. வேதமுத்துவுக்குப் பொறுமை இல்ல. அடுப்ப மூட்டி, செவப்பு மெழுக உருக்கி, எல்லாச் சீஸையும் ஒவ்வொண்ணா முக்கி எடுத்துட்டாரு. குரு திரும்பி வந்தப்போ பலகை பூரா பளபளன்னு மின்னுச்சு.

"பாத்தீங்களாம்மா? சீஸும் ரெடி, நானும் ரெடி."

குரு ஒண்ண எடுத்துப் பாத்தாங்க. "அழகா இருக்குண்ணே." அவ்வளவுதான். பாறையக் கொடஞ்சு கட்டுன ரூமுல அடுக்கச் சொன்னாங்க.

சில வாரம் போச்சு. அந்த ரூமக் கூட்டப் போன வேதமுத்து மூக்கப் பொத்திக்கிட்டு ஓடி வந்தாரு. உள்ள ஒவ்வொரு சீஸும் வயிறு உப்பி நிக்குது. ஒண்ணு வெடிச்சு தண்ணி ஒழுகுது.

குரு கத்தி எடுத்துட்டு வந்து ஒண்ண அறுத்தாங்க. வெளிய மெழுகு இன்னும் பளபளன்னுதான் இருந்துச்சு. உள்ள கொழகொழன்னு கூழு.

"மெழுகு மட்டமாம்மா?"

"நல்ல மெழுகுண்ணே."

"நான் பூசுனது சரியில்லயோ?"

"ஒரு எடம் விடாம பூசிருக்கீங்க. உள்ள ஈரம்தான் காயல."

வேதமுத்து அந்தக் கூழையே பாத்துக்கிட்டு நின்னாரு. "பால் குடுத்த மாட்டு மூஞ்சில எப்படிம்மா முழிப்பேன்?"

இந்தத் தடவ குரு சிரிக்கல. அவரும் சிரிக்கல.

"அப்ப என் காவி?"

"அண்ணி பேரு என்ன?"

மலைக்கு வந்ததுல இருந்து "எங்க வீட்ல", "அவ" அப்படின்னுதான் சொல்லிருக்காரு. பேரு ஒரு தடவ கூட வெளிய வரல.  செருமிப் பாத்தாரு. மேல இருந்த பலகைய எண்ணுற மாதிரி அண்ணாந்து பாத்தாரு.

"செங்கமலம்."

சொன்னதுதான் தாமசம், அங்கயே உக்காந்துட்டாரு. தோள் குலுங்க அழுதாரு. குரு தேத்தல. கத்தியக் கீழ வச்சுட்டு, ஈரத் தரையில அவரு பக்கத்துலயே உக்காந்துக்கிட்டாங்க.

ரொம்ப நேரம் கழிச்சு, துண்டால மூக்கத் தொடச்சுக்கிட்டே கேட்டாரு.

"இந்த ஈரம் எப்பம்மா காயும்?"

"தெரியலண்ணே. நாளைக்கும் வந்து அவங்க பேரச் சொல்லுங்க."