மேனேஜரின் விசிட்டிங் கார்டு

அலமாரிப் பட்டறையில் பசை தடவுகிறவள் பவளக்கொடி. கதவு விளிம்பில் ஒட்டிய மெல்லிய பட்டை பலகைக்கு மேல் துருத்தினால் உளியால் சீவ வேண்டும். சொல்லித்தருகிறேன் பேர்வழி என்று மேனேஜர் ஜம்புலிங்கம் சீவியதில் இரண்டு கதவில் கீறல். பழியை அவள்மேல் போட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள நாப்பது கதவு. ஒரு கீறல் விழுந்தாலும் வீட்டுக்குப் போயிடு!"

பவளக்கொடியா அசருவாள்? கழிவுக் கட்டையில் பள்ளம் வெட்டி உளியை இறுக்கினாள். கட்டையின் அடியில் மேனேஜரின் விசிட்டிங் கார்டையே ஒட்டினாள். அட்டையின் தடிமன் கட்டையைத் தூக்கிக் கொடுக்க, உளிமுனை பலகையைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவியது. நாலு மணிக்கே நாற்பதும் முடிந்தது.

"இந்தக் கட்டை இருந்தா எவனும் செய்வான்!" வேலையைப் பார்க்க வந்த முதலாளி முன்னாலேயே அதைப் பிடுங்கி நாற்பத்தோராவது கதவைச் சீவினார் ஜம்புலிங்கம். கீறலே இல்லை.

"பாத்தீங்களா முதலாளி," என்றாள் பவளக்கொடி, "சாருக்கே வந்திருச்சு!"