மாப்பிள்ளையின் இடது கன்னம்

கூழாம்பட்டிக்கு மட்டும் யாரிடமும் வழி கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் துணைக்கு வருவார்கள்; உங்களோடு சேர்ந்து அவர்களும் தொலைந்துபோவார்கள். அவ்வளவு பாசக்கார ஜனங்கள்.

அந்த ஊர்ச் சங்கிலிக்குக் கல்யாணம். விடிந்தால் முகூர்த்தம். அன்றைக்கென்று பார்த்துப் பல்வலி வந்து, இடது கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. கம்பவுண்டர் ஒரு மாத்திரையை முழுங்கவைத்து, "வெந்நீர்ல உப்புப் போட்டு, வலிக்கிற பக்கமா வாயில வச்சுக்கப்பா" என்றார். துப்பச் சொல்லவில்லை. சங்கிலியும் துப்பவில்லை. அதோடு அவன் பேச்சும் நின்றது.

அவனுக்கு உயிர்ச் சிநேகிதர்கள் மூன்று பேர்: ஒச்சப்பன், மாயழகு, வீரணன். மூவரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து கவலைப்பட்டார்கள்.

"பொண்ணு பார்க்கப் போனப்ப இந்தக் கன்னம் இல்லையேடா. கல்யாணப் பொண்ணு பவளம் பார்த்தா, வேற ஆளுன்னு எந்திரிச்சுப் போயிரும்" என்றான் ஒச்சப்பன்.

"பொண்ணு வீட்டுக்காரங்க கண்ணையெல்லாம் கட்டிவிட்டா?" என்றான் வீரணன்.

"அப்புறம் பந்தியில எப்படிடா அவுங்க இலையைக் கண்டுபிடிப்பாங்க? கூறுகெட்டவனே!" என்று அதட்டினான் ஒச்சப்பன்.

மாயழகு நெடுநேரம் கூரையைப் பார்த்தான். "ஒருத்தனுக்கு வீங்கினாத்தான்டா அது வீக்கம். எல்லாருக்கும் வீங்கிட்டா, அதுதான் மூஞ்சி."

அந்த அறிவைத் தாங்க முடியாமல் மற்ற இருவருக்கும் கண் கலங்கியது.

காலையில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும், வரவேற்புக்கு வாங்கிய எலுமிச்சம்பழத்தில் ஆளுக்கொன்றை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேனை விட்டு இறங்கினார்கள். பவளத்தின் தாய்மாமன் திகைத்துப்போனார்.

"என்ன மாப்ளே, எல்லாருக்கும் கன்னம் இப்படி இருக்கு?"

ஒச்சப்பன் பழத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னான்: "எங்க ஊருல சந்தோஷம்னா இடது கன்னத்துலதான் மாமா வரும்."

"எங்க ஆளுகளும் இருக்கானுகளே! வந்ததுலேருந்து சாப்பாடு எப்பன்னுதான் கேக்குறானுக" என்று மாமா உருகிப்போனார். சேதி பவளத்தின் காதுக்கும் போனது. அவள் மாப்பிள்ளையின் கன்னத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பூரித்தாள்.

மணவறையில் சங்கிலி தாலியைக் கையில் எடுத்தான். பாழாய்ப்போன சாம்பிராணிப் புகை அப்போதுதானா அவன் மூக்கில் ஏற வேண்டும்? ஒரே தும்மல். நேற்று வைத்த உப்புத் தண்ணீர் மொத்தமும் தாய்மாமன் சட்டையில். வீக்கம் விடிவதற்குள்ளேயே வடிந்திருந்தது. உள்ளே தண்ணீர் இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது கன்னம் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிட்டது.

பவளம் சடக்கென்று எழுந்தாள். "என்னையக் கிட்டத்துல பார்த்ததும் சந்தோஷம் போயிருச்சோ? எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்!"

சங்கிலி விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாயைச் சிநேகிதர்கள் வீணாக்குவார்களா? மாயழகு பாய்ந்து வந்து தன் பழத்தை எடுத்து அவன் இடது கன்னத்தில் வைத்தான்.

"நான் மட்டும் இளப்பமா?" என்று வீரணன் தன் பழத்தை வலது கன்னத்தில் திணித்தான்.

"ஆத்தி, ரெண்டு பக்கமுமா!" என்று பவளம் வெட்கப்பட்டு உட்கார்ந்தாள். கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறியது.

அப்போதுதான் ஒச்சப்பன் நாதஸ்வரக்காரரைக் கவனித்தான். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"யாருடா அவரு? ரெண்டு கன்னமும் உப்பிக் கண்ணே பிதுங்குது!"

"நம்மளைவிட நெருங்கின சிநேகிதன் ஒருத்தர் இருக்காருன்னு சங்கிலி சொல்லவே இல்லையேடா" என்று மாயழகு விசும்பினான்.

ஒச்சப்பன் நல்ல மனசுக்காரன். பொறாமையை விழுங்கிக்கொண்டு, கைகூப்பியபடி அவரிடம் போனான். "அண்ணே, சிநேகிதம்னா அது உங்களுதுதான். உங்க வாயில இடமில்ல. இங்கனயாவது வச்சுக்கங்க." மிச்சமிருந்த தன் பழத்தை எடுத்து, நாதஸ்வரத்தின் அகன்ற வாயில் மரியாதையாகச் செருகினான். பழம் கச்சிதமாக அடைத்துக்கொண்டது.

சத்தம் நின்றது. நாதஸ்வரக்காரர் விடுவாரா? மூச்சைப் பிடித்து ஊதினார். கன்னம் இரண்டும் பூசணிக்காய் அளவுக்குப் போய்விட்டது.

ஒச்சப்பன் பெருமிதத்தோடு திரும்பினான். "பார்த்தீங்களாடா, இன்னும் சந்தோஷமாயிட்டாரு!"