வாய் திறந்த கொக்கி

கடலோரத்துக் கல்லூரி ஒன்றின் பட்டறையில் குழல்வாய்மொழி என்று ஓர் ஆசிரியை இருந்தார். வயது முப்பத்து நான்கு. அவருக்கு ஒரே ஒரு சீடர். சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு.

சீடரின் பெயர் சவரியப்பன். துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்குக்குக் கயிறு கட்டியவர். அவர் போட்ட முடிச்சு நடுக்கடலில்கூட அவிழ்ந்ததில்லை என்று பேர். முட்டிவலி வந்து அந்த வேலையை விட்டார். கல்லூரிப் பிள்ளைகள் சின்னதாக ஒரு செயற்கைக்கோள் செய்கிறார்கள், அதற்குக் கயிறு சுற்ற ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து நின்றார். பிள்ளைகள் சுற்றினால் கயிறு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அவர் சுற்றினால் எண்ணெய் தடவி வாரிய தலைபோலப் படிந்து கிடக்கும்.

முதல் நாளே அவர் கேட்டார்.

"வானத்துல பறக்கிறதுக்கு எதுக்கு தாயி கயிறு?"

ஆசிரியை மேஜை டிராயரைத் திறந்து ஒரு பம்பரத்தை எடுத்துச் சுற்றிவிட்டார்.

"நேரா நிக்குதாண்ணே?"

"சுத்துற வரைக்கும் நிக்கும்."

"ராக்கெட்டும் கோளை இப்படிச் சுத்தவிட்டுத்தான் கொண்டுபோகும். வழி கோணாமப் போகணும்லா."

"சரி. போய்ச் சேந்த பொறவு?"

"இந்தப் பம்பரத்து மேல உக்காந்துகிட்டு உங்க வீட்டு வாசலை உத்துப் பாக்க முடியுமா?"

சவரியப்பன் யோசித்தார். "வாந்திதான் வரும்."

"கோளும் பூமியைப் பாக்கணும், படம் எடுக்கணும். அப்போ நிறுத்தியாகணும். அங்க பிடிச்சு நிறுத்தத் தரையும் இல்ல, காத்தும் இல்ல, ஆளும் இல்ல."

அதற்குத்தான் கயிறு. செயற்கைக்கோளின் இடுப்பைச் சுற்றி இரண்டு கயிறு. ஒவ்வொன்றின் நுனியிலும் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பித்தளைக் குண்டு. போய்ச் சேர்ந்ததும் குண்டுகளின் பூட்டு திறக்கும். அவை இருபக்கமும் விலகி விரிய விரிய, கோளின் சுழற்சியெல்லாம் மெல்ல மெல்ல அவற்றுக்குப் போய்விடும்.

"அப்புறம் குண்டு ரெண்டும் என்ன ஆகும்?"

"அதை அன்னைக்குப் பாத்துக்கலாம்ணே" என்றார் ஆசிரியை.

அன்றிலிருந்து சவரியப்பன் அந்த இரண்டு குண்டுகளையும் தினமும் காலையில் புளி போட்டுத் தேய்த்தார். தேய்த்து, துடைத்து, சின்னதாக ஒரு ஜெபம் சொல்லி, அதன்பிறகுதான் பெட்டியில் வைப்பார். பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஷமீமா என்ற மாணவிதான் அதிகம்.

"தாத்தா, குண்டுக்குப் பேரு வச்சாச்சா?"

"வச்சாச்சு. உனக்குச் சொல்லமாட்டேன்."

சோதனை நாள் வந்தது. செயற்கைக்கோளின் அதே அளவில், அதே எடையில் ஒரு உருளை செய்து வைத்திருந்தார்கள். எல்லோரும் அதைப் பானை என்பார்கள். பானை ஒரு சுழல்மேடைமேல் சுற்றும், கயிறு விரியும், பானை நிற்க வேண்டும். சுற்றிலும் கொசுவலைபோல் வலை கட்டியிருந்தது. ராக்கெட்டில் இடம் ஒதுக்கும் அதிகாரி தாணுலிங்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ராக்கெட்டுல ஒரு இடம்தான் பாக்கி. கேக்கிறது ரெண்டு காலேஜ். எனக்கு மூணு மணிக்கு ரயில். அதுக்குள்ள உங்க பானை நின்னா இடம் உங்களுக்கு. நிக்கலேன்னா அவங்களுக்கு."

மூன்று வருஷத்து உழைப்பு அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. ஷமீமா உதட்டுக்குள் ஏதோ ஓதினாள். சவரியப்பன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். ஆசிரியை பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சுத்துங்க" என்றார்.

பானை சுற்றியது. பூட்டு திறந்தது. இரண்டு குண்டுகளும் மினுமினுவென்று வெளியே விரிந்தன. பானையின் வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. நின்றது.

பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கைதட்டி முடிப்பதற்குள் கயிறுகள் மறுபக்கமாகச் சுற்றிக்கொள்ளத் தொடங்கின. போன வேகமெல்லாம் திரும்பி வந்தது. பானை முன்புபோலவே சுற்றியது. குண்டுகள் இரண்டும் பானையின் விலாவில் டங்கு டங்கென்று மோதின.

சுழல்மேடையை நிறுத்தி, ஷமீமா குனிந்து பார்த்தாள்.

"டீச்சர்! பானையில கயிறு அடிநுனி மாட்டியிருக்கிற கொக்கியில யாரோ முடிச்சுப் போட்டிருக்காங்க. ரெண்டுலயும்!"

சவரியப்பன் முன்னால் வந்தார்.

"நாந்தான் தாயி" என்றார்.

"ஏண்ணே?"

"காலையில பாத்தேன். கொக்கி வாய் தொறந்து கெடந்துச்சு. கயிறு சும்மா மாட்டியிருக்கு. இழுத்தா வந்துரும். பிள்ளைங்க மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். இத்தனை நாள் தேச்ச குண்டு, கண்காணாமப் போயிருமேன்னு…"

தாணுலிங்கம் எழுந்து வந்து முடிச்சைப் பார்த்தார். "அருமையான முடிச்சு. கப்பலே நிக்கும். பானைதான் நிக்கல."

சவரியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் வீட்டுக்குப் போறேன் தாயி. இனி வரல."

"போகலாம். முதல்ல இதுல உக்காருங்க" என்று சுழலும் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டார் ஆசிரியை. சவரியப்பன் உட்கார்ந்தார். அவருடைய மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளிகள் இரண்டும் ஜன்னலில் இருந்தன. ஆசிரியை அவற்றை எடுத்துவந்து கைக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

"நெஞ்சோட அணைச்சுக்கோங்க. ஷமீமா, சுத்திவிடு."

"டீச்சர், தாத்தாவையா?"

"தாத்தாவைத்தான்."

சவரியப்பன் சுற்றினார். வேட்டி நுனி பறந்தது. "ஏ மாதாவே!" என்றார்.

"கையை நீட்டுங்கண்ணே!"

நீட்டினார். வேகம் சட்டென்று தணிந்தது. அவர் முகத்தில் ஆச்சரியம்.

"நிக்கப்போகுது தாயி!"

"கையை மடக்குங்க!"

மடக்கினார். வேகம் திரும்பவும் பிடித்துக்கொண்டது. "ஐயையோ, நீட்டச் சொல்லு, நீட்டச் சொல்லு!" நீட்டினார், தணிந்தது. கை கடுத்தது, மடக்கினார், சுற்றியது.

"இப்படியே எவ்வளவு நேரம்ணே?"

"எப்படி நிக்கிறதுன்னு சொல்லு தாயி!"

"கையை நீட்டிட்டு, வாளியை விட்டுருங்க."

"விடவா! உள்ள சீலா மீன் கொழம்பு! எம்பொஞ்சாதி விடியக்காலம் எந்திரிச்சு வச்சது!"

"தாத்தா, நாங்க பிடிச்சுக்கிறோம்!" என்று நான்கு பிள்ளைகள் துப்பட்டாவையும் துண்டையும் விரித்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்களா? பிடிச்சுத் தின்னுருவீங்க!"

"அதுக்குத்தான் தாத்தா பிடிக்கிறோம்!"

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சவரியப்பன் கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, விட்டார். ஒரு வாளி ஷமீமாவின் துப்பட்டாவில் விழுந்தது. இன்னொன்று ஒரு பையனின் வயிற்றில் மோதி, அவன் அதைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"இப்போ கையை மடக்குங்கண்ணே."

பயந்து பயந்து மடக்கினார். வேகம் வரவில்லை. முக்காலி மெதுவாக ஒரு சுற்று வந்து, சோம்பலாக நின்றது. எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கடல்.

அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு எழுந்து நேராகப் பானையிடம் போனார். முடிச்சில் நகத்தை வைத்து நெம்பினார். அசையவில்லை.

"நான் போட்ட முடிச்சு அவுராது தாயி."

"அப்போ?"

"கத்திரி குடு."

முப்பது வருஷத்தில் முதல்முறையாகத் தன் முடிச்சைத் தானே அறுத்தார். இரண்டையும். கயிற்றின் அடிநுனியை வாய் திறந்த கொக்கியில் பழையபடி சும்மா மாட்டினார். அதன்பிறகு கயிறு சுற்ற உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. இடையில் யாரோ ஒரு வாளியைத் திறந்த வாசனை மட்டும் வந்தது.

மணி இரண்டே கால்.

பானை சுற்றியது. பூட்டு திறந்தது. குண்டுகள் விரிந்தன. பானை தணிந்து தணிந்து வந்தது. கயிறுகள் நேராக நீண்ட அந்தக் கணத்தில், கொக்கியிலிருந்து பூ உதிர்வதுபோல் கழன்றன. குண்டுகள் கயிற்றை வாலாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பறந்து வலையில் விழுந்தன.

பானை நின்றது.

பிள்ளைகள் கைதட்டவில்லை. ஒருமுறை ஏமாந்தவர்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பானை அப்படியே நின்றது.

தாணுலிங்கம் பேனாவைத் திறந்தார். "இடம் உங்களுக்கு. யாராவது எனக்கும் கொஞ்சம் அந்தக் குழம்பு வச்சிருக்கீங்களா?"

அப்போதுதான் கூச்சல் கிளம்பியது. ஷமீமா அழுதுகொண்டே சிரித்தாள். பையன்கள் முக்காலியில் ஒருவரை ஒருவர் உட்கார்த்திச் சுற்றினார்கள். ஆசிரியையையும் விடவில்லை. "போதும்டா, போதும்டா" என்று அவரும் கையை நீட்டிக்கொண்டே சுற்றினார்.

சவரியப்பன் மட்டும் வலைக்குள் போய்க் குண்டுகளைப் பொறுக்கினார். வேட்டியில் துடைத்தார். சத்தம் அடங்கியதும் ஆசிரியையிடம் வந்தார்.

"இங்க வலை இருக்கு தாயி. பொறுக்கிட்டேன். அங்க?"

"அங்க வலை இல்லண்ணே."

"அப்போ போனது போனதுதானா?"

"போனதுதான்."

"கோளு நின்னு படம் எடுக்கும். ஊரே பாக்கும். கைதட்டும். இதுங்க ரெண்டையும் யாரு நெனைப்பா?"

ஆசிரியை அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பானையின்மேல் வைத்தார்.

"என்ன தெரியுதுண்ணே?"

சவரியப்பன் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல தாயி. அசைவே இல்ல. சும்மா இருக்கு."

"அதுதாண்ணே அதுங்க ரெண்டும்."