துளியர் கைகோத்த நாள்

உலோகங்களுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், செம்புக் கம்பிக்குள் துளியர் என்றொரு கூட்டம் வாழ்ந்தது. இன்று நாம் மின்சாரம் என்று சொல்வது அவர்களுடைய நடையைத்தான்.

கம்பியின் ஒரு பக்கம் கலத்தி இருந்தாள். நாம் பேட்டரி என்பது அவளைத்தான். எதிர்ப்பக்கம் கண்ணாடி வீட்டில் அவள் தம்பி குமிழன், அவன்தான் பல்பு. போக ஒரு கம்பி, திரும்பிவர ஒரு கம்பி. கலத்தி ஒரு வாசல் வழியே துளியரைத் தள்ளிவிடுவாள். அவர்கள் போய்க் குமிழன் வீட்டின் மயிரிழைச் சந்துக்குள் நெருக்கியடித்து நுழைவார்கள். உரசலில் சந்து பழுத்து ஒளிவிடும். அப்புறம் மற்றக் கம்பி வழியே கலத்தியின் பின்வாசலுக்கு வந்து சேருவார்கள். இத்தனை நடந்தும் துளியரில் ஒருவர்கூடக் குறையவில்லை. தள்ளித் தள்ளிக் கலத்தியின் கைதான் ஓய்ந்தது.

அப்போதெல்லாம் அவரவர் தனித்தனியாகத்தான் நடந்தார்கள். முன்னால் போகிறவர் யார், பின்னால் வருகிறவர் யார் என்று பார்ப்பதில்லை.

குமிழனுக்கு ஒரு மனக்குறை. “எல்லாரும் அக்கா வீட்டுக்கே ஓடுகிறார்கள். என் வீட்டில் ஒரு நிமிடம் உட்கார ஆளில்லை” என்று பொருமிக்கொண்டே இருந்தான். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து, திரும்பிப் போகும் கம்பியை முறுக்கி ஒடித்துவிட்டான். வழி இல்லையென்றால் தங்கித்தானே ஆகவேண்டும்!

சந்திலிருந்து வெளியே வந்த துளியருக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. பொறியன் என்பவன் தன் மனைவி செம்பிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான்.

“உன் முகத்தைப் பார், செம்பி. அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி...” என்று திரும்பிச் சிரித்தபடி அடுத்த அடி வைத்தான். அடியில் செம்பு இல்லை.

செம்பிக்கு எதுவும் விளங்கவில்லை. அவன் குரல் இன்னும் காதில் இருந்தது, ஆளைக் காணோம். அவளைத் தாண்டி நடந்த இருவரும் அதே இடத்தில் இல்லாமல் போனார்கள். கீழே வெறும் காற்று. அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

“நில்லுங்கள்! வழி இல்லை!”

பின்னால் வந்தவனின் கையை எட்டிப் பிடித்தாள். அவன் தனக்குப் பின்னால் வந்தவளைப் பிடித்தான். அந்தப் பிடி சந்துக்குள் ஓடி, கலத்தியின் வாசல்வரை போய்விட்டது. எல்லாரும் உறைந்து நின்றார்கள். கண்ணாடி வீடு இருண்டது.

“என்ன ஆயிற்று? ஏன் நகரமாட்டேன் என்கிறீர்கள்?” என்று கலத்தி தன் பலமெல்லாம் சேர்த்துத் தள்ளினாள். ஒருவரும் அசையவில்லை.

இருண்ட வீட்டுக்குள்ளிருந்து குமிழன் சொன்னான்: “நான்தான் ஒடித்தேன்... விழுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. இங்கே இருப்பீர்கள் என்றுதான்...”

“இதோ, உங்கள் வீடு நிறைய ஆட்கள் நிற்கிறோம், ஐயா. போதுமா?” என்றாள் செம்பி.

குமிழன் குளிர்ந்துபோன வீட்டைவிட்டு வந்து, இருட்டில் துழாவிக் கம்பியின் இரண்டு முனைகளையும் தேடி இழுத்து முறுக்கினான். அப்போதும் செம்பி கால் எடுத்து வைக்கவில்லை. ஒட்டின்மேல் கையை நீட்டினாள். அந்தப் பக்கம், கம்பி ஒடியும் முன்பே கடந்துவிட்ட ஒருத்தி அதைப் பற்றிக்கொண்டாள். செம்பியின் கூச்சலைக் கேட்டு, அவளுக்கு முன்னால் கலத்தியின் பின்வாசல்வரை கைகள் ஏற்கெனவே கோத்திருந்தன. வளையம் முழுதானதும் எல்லாரும் ஒரே கணத்தில் நகர்ந்தார்கள். வெளிச்சம் குபீரென்று வந்தது. அதில் செம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் குமிழன் கண்ணை மூடிக்கொண்டான்.

அன்று பிடிக்காமல் விட்டுப்போன கைகளுக்காகத்தான் இன்றுவரை, சுற்றில் எங்காவது மயிரிழை அளவு இடைவெளி விழுந்தாலும் துளியரில் ஒருவர்கூட அடுத்த அடி வைப்பதில்லை. பல்பும் அந்தக் கணமே அணைந்துவிடுகிறது.