வெற்றிலை வாங்கியவரும் ஓடு மாற்றியவரும்

இக்கதையைக் கேட்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டியவை மூன்று. கூடற்பாறை நாட்டில், வீட்டுக்காரர் நீட்டும் வெற்றிலையை ஒரு வேலைக்காரர் வாங்கிக்கொண்டால், அந்த இடத்தின் வேலை அவருடையது. அவர் முடிக்கும்வரை வேறு எவரும் அங்கே கை வைக்கலாகாது. வைத்தால், அப்படி வைத்தவருடைய கருவிப்பையை ஆற்றில் எறிந்துவிடுவார்கள். அந்நாட்டில் அவர் மீண்டும் தொழில் செய்ய முடியாது. இது முதலாவது. வாங்கியவர் எத்தனை நாளில் வேலையை முடிக்க வேண்டும் என்பதை எழுத, சட்டம் செய்த முன்னோர் மறந்துபோனார்கள். இது இரண்டாவது. அரண்மனை மராமத்து மணியக்காரர் பராங்குசம் அந்த மறதியை மிக நன்றாக அறிந்தவர். இது மூன்றாவது.

சித்திரையில் பெய்த கோடை மழையின்போது, அரசர் வீரகேசரியின் உணவு மண்டபத்தில் ஒழுகியது. சரியாக அரசரின் இலைக்கு நேர் மேலே. பராங்குசம் வெற்றிலை வாங்கினார். மறுநாளே ஆட்கள் வந்து மண்டபம் முழுவதும் மூங்கில் சாரம் கட்டினார்கள். பிறகு அடுத்த வீட்டில் சாரம் கட்டப் போய்விட்டார்கள்.

ஐப்பசியும் வந்தது. மழை நாள்களில் அரசருக்கு ரசம் குறைந்ததே இல்லை.

"எப்போது முடியும் பராங்குசம்?" என்று கேட்பார் அரசர்.

"பாதி முடிந்ததுபோலத்தான் அரசே. சாரம் கட்டியாயிற்று."

அமைச்சர் நப்பின்னை அம்மையார் இதைப் பொறுக்க மாட்டாதவராய், உடையாண்டி என்பவரை அழைத்து வந்தார். உடையாண்டி எந்தச் சங்கத்தையும் சேராதவர். பூட்டு, அடுப்பு, கதவு, கூரை எதுவானாலும் ஒற்றை ஆளாகப் பார்ப்பவர். ஒரே பைதான் அவருடைய சொத்து.

அவர் சாரத்தினூடே குனிந்து போய் மேலே பார்த்தார். "மழை விட்டப்புறமும் சொட்டுதாம்மா?"

"அரை நாழிகை சொட்டும்."

"அப்படியா சேதி" என்று சொல்லி, பையோடு வெளியே நடந்தார்.

அன்று மாலை பெருமழை. அரசரின் இலையில் ஒரு துளி விழவில்லை. அவர் மோர்ச்சோறுவரை நிதானமாக உண்டு, ஏழு மாதங்களுக்குப் பின் ஏப்பம் விட்டார்.

மறுநாள் காலையில் பராங்குசம் அவைக்கு வந்தார். பின்னால் இரண்டு காவலர். அவர்களுக்கு நடுவே உடையாண்டி; அவருடைய பை ஒரு காவலர் கையில்.

"அரசே, நான் வெற்றிலை வாங்கிய இடத்தில் இவன் கை வைத்துவிட்டான். சட்டப்படி பை ஆற்றுக்குப் போக வேண்டும்."

அரசர் வருந்தினார். ஆனால் சட்டம் பாட்டனார் கையெழுத்திட்டது. "உடையாண்டி, என்ன சொல்கிறாய்?"

"பை போனா நானும் அது கூடவே போக வேண்டியதுதான் சாமி. வேற பிழைப்பு தெரியாது."

நப்பின்னை எழுந்தார். "பை ஆற்றுக்குப் போகட்டும் அரசே. அதற்குமுன் மணியக்காரரின் உரிமை எதுவரை என்பதை ஓலையில் ஏற்றிவிடுவோம். நாளை இன்னொருவன் வந்து மீறக்கூடாது அல்லவா?"

பராங்குசம் மகிழ்ந்தார். "எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. உணவு மண்டபக் கூரை முழுவதும் என்னுடையது."

"அதை ஒட்டிய மடைப்பள்ளிக் கூரையும் உங்களுடையதுதானே? அங்கே புகைபோக்கி அடைத்துக்கொண்டு சமையற்காரர்கள் ஏழு மாதமாக இருமுகிறார்கள். அரசியார் யாரைக் கேட்பது என்று கோபமாக இருக்கிறார்."

பராங்குசத்தின் முகம் மாறியது. "மடைப்பள்ளியா? அது என் வேலை அன்று."

"கொஞ்சமேனும்?"

"ஓர் ஓடுகூட என்னுடையது அன்று. நடுச்சுவருக்கு அப்பால் யார் ஏறினாலும், யார் எதைப் பிரித்தாலும் எனக்குச் சம்பந்தமில்லை. அரசியாரிடம் அப்படியே சொல்லுங்கள்."

"ஓலையில் ஏற்றியாயிற்று. கையெழுத்திடுங்கள்."

அவர் அவசரமாகக் கையெழுத்திட்டார். நப்பின்னை திரும்பினார். "உடையாண்டி, நேற்று எந்தக் கூரையில் ஏறினீர்?"

"மடைப்பள்ளிக் கூரையிலம்மா."

"பொய்" என்றார் பராங்குசம். "ஒழுகியது மண்டபத்தில். மடைப்பள்ளியில் ஏறினால் இது எப்படி நிற்கும்?"

"சொட்டுற இடம் வேற, தண்ணி நுழையுற இடம் வேறங்க. ஒரே உத்தரந்தான் சுவரைத் தாண்டி ரெண்டு பக்கமும் ஓடுது. அங்கே ஓடு உடைஞ்சிருக்கு. தண்ணி உத்தரத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்து, சாமி இலைக்கு மேலே இறங்கியிருக்கு. அதான் மழை விட்டும் சொட்டுச்சு. ஒருதரம் மேலே ஏறியிருந்தா நீங்களே பார்த்திருப்பீங்க."

"இதை நம்ப நான் என்ன..." என்று தொடங்கினார் பராங்குசம்.

"நம்ப வேண்டாம், உட்காருங்கள்" என்றார் நப்பின்னை.

எல்லோரும் மண்டபத்துக்குப் போனார்கள். பராங்குசத்தை அரசரின் பலகையில் உட்கார வைத்தார்கள். உடையாண்டி மடைப்பள்ளிக் கூரையில் ஏறி, தாம் மாற்றிய ஓட்டை விலக்கி, ஒரு குடம் நீர் ஊற்றினார். சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. பராங்குசம் புன்னகை செய்தார். முதல் துளி அந்தப் புன்னகையின்மேல் விழுந்தது. இரண்டாவது மூக்கில். அதன்பிறகு எண்ண முடியவில்லை.

அரசர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் முடிவான செய்திகள் இவை.

கருவிப்பை உடையாண்டியிடம் திரும்பி வந்தது. அதனுள் அரசர் ஒரு புதிய இழைப்புளி வைத்திருந்தார்.

வெற்றிலை வாங்கி எட்டு நாளில் வேலை முடியாவிட்டால், வீட்டுக்காரர் வேறு ஆளைத் தேடலாம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது.

பராங்குசம் தம் கைகளாலேயே சாரத்தை அவிழ்த்தார். மூன்று நாள் ஆயிற்று.

புகைபோக்கியை உடையாண்டி அன்றைக்கே சரிசெய்தார்.

மறுநாள் விடிந்ததும் உடையாண்டியின் வாசலில் நாற்பத்து மூன்று பேர் வெற்றிலைத் தட்டோடு நின்றார்கள். வரிசையில் முதலில் நின்றவர் பராங்குசத்தின் மனைவி. "எங்கள் வீட்டுக் கூரைக்கு அவர் வெற்றிலை வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது ஐயா" என்றார் அந்த அம்மாள்.