தெரிந்தும் வராதவர்கள்

நோய் வந்த பிறகு மருந்து கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். நோய் முற்றும் முன்பே மருத்துவரிடம் போகாமல் மனிதர்களைத் தடுத்து வைப்பது எது என்று தேடியவர் பேராசிரியர் எஸ்தர் ராஜாமணி. மனித மனம் உடம்பைப் படுத்தும் பாடுதான் அவருடைய துறை. பாளையங்கோட்டையில் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்தாள் செண்பகவல்லி.

ஒரு மாலை, ஆய்வின் கடைசி அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு செண்பகவல்லி அவருடைய அறைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"எல்லாம் வீணாப்போச்சு மேடம். மார்பகப் புற்றுநோய் பத்தி வீடு வீடாப் போய்ச் சொன்னேன். எது கேட்டாலும் அத்தனை பேரும் சரியாப் பதில் சொல்றாங்க. பரிசோதனைக்கு வாங்கன்னா மட்டும் யாரையும் காணோம்."

"முடிவுரையில என்ன எழுதியிருக்க?"

"அலட்சியம்னு எழுதியிருக்கேன். வேற என்னன்னு எழுத? தெரிஞ்சும் ஏன் வரமாட்டேங்கிறாங்க மேடம்?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நாளைக்குக் காலையில உனக்கு வேலை ஒன்னும் இல்லையே? ஆஸ்பத்திரி வரைக்கும் என்கூட வா."

அங்கே எதையோ நேரில் காட்டிப் புரியவைக்கப் போகிறார் என்று செண்பகவல்லி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் மேடத்தின் வீட்டுக்குப் போனபோது அவர் புறப்பட்டுத் தயாராக இருந்தார். ஆனால் வாசலைத் தாண்டுவது பெரும்பாடாக இருந்தது. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க ஒருமுறை உள்ளே போனார். செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்ற இன்னொரு முறை. பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மழை வரும்போல இருக்கே. நாளைக்குப் போவோமா?"

"வெயில் மண்டையப் பிளக்குது மேடம்! நடங்க."

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். செண்பகவல்லிக்கு மனக்குறை இன்னும் தீரவில்லை. அதனால் வாயும் ஓயவில்லை.

"ஒரு அம்மா என்னைத் தெருமுனையில கண்டாலே கதவைச் சாத்திருது. இன்னொரு அம்மா அப்படியில்ல. நான் சொன்னதையெல்லாம் பக்கத்து வீட்டுக்கு என்னைவிட நல்லா விளக்குது. அந்த அம்மாவும் வரல!"

"பேசாம உன் டாக்டர் பட்டத்தை அவளுக்கே கொடுத்திரலாம்."

"சிரிக்காதீங்க மேடம். எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

இப்படியே ஆஸ்பத்திரி வந்துவிட்டது. மேடம் நேராக மார்பகப் பரிசோதனைப் பகுதிக்குப் போனார். அங்கிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கும்மா பாக்கணும்?"

"எனக்குத்தான்."

செண்பகவல்லி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

பெயரைப் பதிந்துவிட்டு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மேடம்தான் முதலில் பேசினார்.

"குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு. சின்னதாத்தான்."

"எப்போ?"

"கிறிஸ்துமஸ் முடிஞ்ச வாரம்."

"மேடம்! கட்டின்னு தெரிஞ்சா உடனே காட்டணும்னு கைப்புத்தகம் எழுதினதே நீங்கதானே!"

"ஆமா. நல்லா வந்திருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க."

உள்ளிருந்து குரல் வந்தது. "எஸ்தர் ராஜாமணி!"

மேடம் எழுந்திருக்கவில்லை. சேலை மடிப்பைச் சரிசெய்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கூட்டமா இருக்கு செண்பகம். வெள்ளிக்கிழமை வருவோமா?"

அந்தப் பெஞ்சில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். தள்ளிப்போட்டால் என்ன ஆகும், முன்கூட்டியே கண்டுபிடித்தால் என்ன நன்மை, பயத்தை எப்படிக் கடப்பது, எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஒவ்வொன்றும் இவரிடம் படித்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

மேடத்தின் மடியில் இருந்த கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். எழுந்து நின்று கையை நீட்டினாள்.

சற்று நேரம் கழித்து அந்தக் கைக்குள் ஒரு கை வந்து சேர்ந்தது. ஜில்லென்று இருந்தது.

இருவரும் கதவு வரைக்கும் நடந்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னு கேக்கட்டுமா மேடம்?"

"கேளு."

"இத்தனை மாசமா வரல. இன்னைக்கு மட்டும் எப்படி வந்தீங்க?"

பேராசிரியர் அவளுடைய கையை விட்டுவிட்டு உள்ளே ஓரடி எடுத்து வைத்தார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"வழியெல்லாம் நீ பேசிக்கிட்டே வந்தியேம்மா. ஆஸ்பத்திரி வந்ததே தெரியல."