சாவியை உருவிய பின்னும்

சீடன் என்றதும் இருபது வயதுப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நாமக்கல்லில் டீசல் வண்டிகளுக்கு டர்போ வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். குரு அவரைவிட இளையவர். முன்பு நூல் மில்லில் ஷிப்ட் பார்த்தவர், கார் ஓட்டத் தெரியாது. ஊரில் அவரைச் சாமி என்பார்கள், நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம். அவர் மட்டும் சென்னியப்பனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை சென்னியப்பன் வந்து நின்ற நிலையே சரியில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சாமி, ஒரே ஒரு கேள்விங்க. தாய்மாமன் இல்லாம ஒரு கல்யாணத்தை நடத்தலாமா, கூடாதா?"

"யாருக்குக் கல்யாணம்?"

"எம் பொண்ணு கோகிலவாணிக்குத்தானுங்க. வர்ற வெள்ளிக்கிழமை. ஊருக்கெல்லாம் பத்திரிகை வெச்சாச்சு. அந்தக் குழந்தைவேலுக்கு மட்டும் வெக்க மாட்டேன். செத்தாலும் வெக்க மாட்டேன்."

குழந்தைவேல் வேறு யாருமில்லை, சென்னியப்பன் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. ஒரே பட்டறையில் மாமனும் மச்சினனுமாக ஒன்றாகக் கிடந்தவர்கள். ஒருநாள் சென்னியப்பன் தம் காருக்கே டர்போ வேலை பார்க்கையில், வாடிக்கைக்காரர்கள் நாலு பேர் நிற்கும்போது அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மாமா, ஆயில் சீல் புதுசாப் போடுங்க. பழசு மலை ஏறுனா தாங்காது" என்றுவிட்டான். அவ்வளவுதான். சென்னியப்பன் அவன் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளினார். அவனும் ரோஷக்காரன், எதிர்ப்பக்கமே ஒரு பட்டறை போட்டான். மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

"புள்ள என்ன சொல்லுது?"

"மாமன் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் மேடை ஏறுவேன்னு சொல்லுதுங்க. ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிச்சு. சோறு தண்ணி இல்லை. அவங்கம்மா கதவுகிட்ட உக்காந்து அழுதுக்கிட்டிருக்கா. பெத்தவன் நான், எம் பேச்சுக்கு மரியாதை இல்லை பாருங்க."

சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "செம்மேட்டுல ஒரு துக்க வீட்டுக்குப் போகணும். கொண்டுபோய் விடுங்கண்ணா. பதிலை வழியில பாத்துக்கலாம்."

கொல்லிமலை ஏற வேண்டும் என்றதும் சென்னியப்பன் முகம் கொஞ்சம் மாறியது. வண்டியைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அவருக்குச் சோறே வேண்டாம்.

அடிவாரத்தில் காரவள்ளி தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஆயிரத்து ஐந்நூறு சிசி இன்ஜினுங்க சாமி. நூத்திப் பத்துக் குதிரைச் சக்தி. டர்போ இருக்கறதால ரேஸே குடுக்க வேண்டாம், அடியிலயே இழுவை வந்துரும். பாருங்க எப்படி ஏறுதுன்னு."

"டர்போன்னா என்னங்கண்ணா?"

"வெளிய போற புகை இருக்குதுல்லீங்க, அந்த வேகத்துல ஒரு சின்னச் சக்கரம் சுத்தும். அது காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போகும். ஆயில்ல மிதந்துக்கிட்டே சுத்தும்."

"அந்த ஆயில் இன்ஜினுக்குள்ள போயிராதா?"

"அதுக்குத்தான் சீல் இருக்குது. இந்த வண்டிக்கு எங் கையால போட்டது. ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்குது, நடு ரோட்டுல ஒருநாள் நின்னதில்லை. மனுசனை நம்பறதுக்கு இந்த இன்ஜினை நம்பலாமுங்க."

சாமி பின் சீட்டில் இருந்தபடி திரும்பிப் பார்த்தார்.

"பின்னால நீலமாப் புகை வருதே."

"ஏத்தமுங்க. அப்படித்தான் வரும்."

இரண்டு வளைவு தள்ளி, இறங்கி வந்த பஸ்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார். "யோவ், வண்டி புகையுதுய்யா, ஓரங்கட்டு!"

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போய்யா!" சென்னியப்பன் பதிலுக்குக் கத்தினார். கத்திவிட்டு முணுமுணுத்தார். "இவனும் அந்தக் குழந்தைவேல் ஆளாத்தான் இருப்பான். வழி நெடுக எம் பேரைக் கெடுக்கறதே அவனுக்குப் பொழப்பு."

சாமி மறுபடி திரும்பிப் புகையைப் பார்த்தார்.

அடுத்த ஏற்றத்தில் இழுவை போய்விட்டது. வண்டி திக்கியது, மூச்சு வாங்கியது, விசில் மாதிரி ஒரு சத்தம் வேறு. வளைவை ஒட்டி ஒரு டீக்கடை இருந்தது. சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்கு எதிரே வண்டியை ஒடித்து நிறுத்தினார். மூக்கு நேராகத் தடுப்புச் சுவரைப் பார்த்து நின்றது. முழங்கால் உயரச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் கீழே மரத்தின் உச்சிகள்தான் தெரிந்தன.

சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் நிற்கவில்லை.

மறுபடி திருப்பினார். சாவியை உருவியே எடுத்துவிட்டார். சாவி கையில் இருக்கிறது, இன்ஜின் ஓடுகிறது. ஓடுவதென்ன, யாரோ ஆக்ஸிலேட்டரை ஏறி மிதிப்பது போல ரேஸ் ஏறிக்கொண்டே போனது. காது கிழிகிற அலறல். பின்னாலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பி டீக்கடையை மூடிவிட்டது.

"ஐயோ!" சென்னியப்பன் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்தார். "சாமி, இறங்குங்க! இன்ஜின் சிதறிப்போயிரும், இறங்குங்க!"

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கடைக்காரர் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று கத்தினார். "சாமியை இறக்கு, சாமியை இறக்கு!"

சாமி இறங்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சென்னியப்பன் வண்டியைச் சுற்றி ஓடினார். பின் கதவைப் பிடித்து இழுத்தார். உள்ளே பூட்டியிருந்தது.

"கதவைத் திறங்க சாமி! உங்க காலைப் புடிக்கறேன், திறங்க!"

சாமி கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார்.

"சாவியை எடுத்தும் ஏன் ஓடுது?" என்று கேட்டார் சாமி.

"இது கேக்கற நேரமா சாமி!"

"ஏன் ஓடுது?"

"டீசல் எப்பவோ நின்னுருச்சுங்க! ஆயில் உள்ள போயிருச்சு, அதைக் குடிச்சுக்கிட்டு ஓடுது! ஆயில் தீர்ற வரைக்கும் ஓடும், இல்லை உடையற வரைக்கும் ஓடும்! அவன்தான், அந்தக் குழந்தைவேல்தான் ராத்திரியில ஆளை விட்டு எதையோ பண்ணிட்டான்! விட மாட்டேன் சாமி, அவனை உண்டு இல்லைன்னு பண்ணிருவேன்!"

அலறல் இன்னும் ஏறியது. பானெட் தடதடவென்று அடித்துக்கொண்டது. வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கியது. சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடினார். வாயில் வந்தபடி மச்சினனைத் திட்டினார், அவன் பரம்பரையைத் திட்டினார். அது தம் பெண்டாட்டியின் பரம்பரையும்தான் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

"அண்ணா," சாமி கண்ணாடி வழியாகக் கூப்பிட்டார். "இதை நிறுத்த வழியே இல்லையா?"

"இருக்குதுங்க! டாப் கியர்ல போட்டு, பிரேக்கை ஏறி மிதிச்சுக்கிட்டுக் கிளட்சை விடணும்! பாரம் தாங்காம இன்ஜின் செத்துரும்!"

"யாருக்குத் தெரியும் அது?"

"எத்தனை பேருக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன்!"

"அப்ப?"

சென்னியப்பன் நின்றார். தடுப்புச் சுவரைப் பார்த்தார். பிரேக் ஒரு நொடி வழுக்கினால் போதும், முழங்கால் உயரச் சுவர் எதைத் தடுக்கப்போகிறது. திறந்துகிடந்த முன் கதவைப் பார்த்தார். அதற்குள் புகை சுழன்றது. பின் சீட்டில் ஒரு மனிதர் கார் ஓட்டத் தெரியாமல், கதவையும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கல்லைப் போடுங்கய்யா!" என்று கடைக்காரரைப் பார்த்துக் கத்தினார். "முன் சக்கரத்துக்குக் கல்லைப் போடுங்க!"

கத்திவிட்டு உள்ளே ஏறினார்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வலது காலால் பிரேக்கைத் தரையோடு அமுக்கினார். கிளட்சை மிதித்து ஐந்தாவது கியரில் தள்ளினார். கை வழுக்கி ஒருமுறை தப்பியது, மறுபடி தள்ளினார், விழுந்தது. முருகா என்று ஒரே சத்தம். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

வண்டி முன்னால் துள்ளியது. கடைக்காரர் ஓடிவந்து வைத்த கல் உருண்டு போய்ச் சுவரில் மோதியது. கிளட்ச் கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. இன்ஜின் ஒருமுறை குலுங்கியது, இன்னொரு முறை குலுங்கியது.

நின்றது.

காடே அமைதியானது போலிருந்தது. டீக்கடை அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. பம்பருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

சென்னியப்பன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு விசும்பினார். பிறகு திரும்பிப் பார்த்தார். சாமியின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"உங்களுக்குப் பயமே இல்லீங்களா சாமி?"

"இல்லாம? உசிரே போயிருச்சு."

"அப்புறம் ஏஞ் சாமி இறங்கல? அத்தனை தடவை கத்துனேனே!"

"நான் இறங்கியிருந்தா நீங்க ஏறியிருப்பீங்களா?"

சென்னியப்பன் அப்போதுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

சாமி கதவைத் திறந்து இறங்கினார். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சென்னியப்பன் ஆற அமரப் பானெட்டைத் தூக்கி, துணியைச் சுற்றிக்கொண்டு காற்றுக் குழாயைக் கழற்றினார். உள்ளே இருந்து கறுப்பாக ஆயில் ஒழுகி அவர் கால் விரலில் சொட்டியது. டர்போவின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது. சீல் தேய்ந்து போயிருந்தது. யாரும் ஆளை விடவில்லை. பழைய வண்டியிலிருந்து எடுத்து, கழுவி, அவரே போட்ட சீல் அது.

கையில் ஒட்டிய ஆயிலைத் துணியில் துடைத்தார்.

"என் தப்புதான்," என்றார் கடைசியில். "அவன் சொன்ன மாதிரியே ஆயிருச்சு."

சாமி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆனாலும் சாமி," சென்னியப்பனுக்குக் குரல் மறுபடி ஏறியது. "நாலு பேர் முன்னால சொல்லலாமுங்களா? தனியாக் கூப்பிட்டுச் சொன்னா நான் கேக்க மாட்டேனா? அவன் இளையவன். அவன் வரட்டும். வந்து தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் பத்திரிகை வெக்கறதைப் பத்தி யோசிக்கலாம். நான் சொல்றது நியாயந்தானுங்களே?"

சாமி சொம்பைக் கடைக்காரரிடம் கொடுத்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க இன்னும் எங் கேள்விக்குப் பதிலே சொல்லலீங்க சாமி."

"நான் இறங்கிட்டேன்," என்றார் சாமி. "உங்க புள்ள இன்னும் கதவைப் பூட்டிக்கிட்டு வண்டிக்குள்ளதான் உக்காந்திருக்குதுங்கண்ணா."